புதுப்பிப்பு: ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன், நீலம் வராத சிக்கல்

ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் நீலமாக மாற எவ்வளவு செலவாகிறது என்று பார்த்துத் தண்ணீரின் கடினத்தன்மையை (கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் அளவை) அறிவதுதான் இந்த டைட்ரேஷன். இதற்கு 50 மி.லி. தண்ணீர் எடுக்கச் சொல்லியிருந்தேன். அதில் ஒரு திருத்தம். காவிரி ஆற்றுத் தண்ணீருக்கு அது சரி. வேதாரண்யம் பக்கத்து உப்பு போர்வெல் தண்ணீர் என்றால், ஈ.டி.டி.ஏ. விடும் அளவுக்குழாயான பியூரெட்டே காலியாகிவிடும். 10 மி.லி. எடுத்து, வாலைவடிநீர் விட்டு 50 ஆக்குங்கள். 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. 1 மி.லி.க்கு 1 மி.கி. கால்சியம் கார்பனேட், ஆக லிட்டருக்கு எத்தனை மி.கி. என்று அறிய, செலவான மி.லி.யை 100-ஆல் பெருக்கணும், பழைய 20-ஆல் அல்ல.

"ஊதாவிலேயே நிற்குது" என்றவர்களுக்கு: பெரும்பாலும் பஃபரில்தான் (பி.எச்.-ஐ 10-இல் நிறுத்தி வைக்கும் அம்மோனியாக் கரைசலில்தான்) கோளாறு. மூடி இறுகாத பாட்டிலில் அம்மோனியா பறந்து, பி.எச். 10-க்குக் கீழே இறங்கியிருக்கும். புதிதாகக் கலக்குங்கள். நிறம் மாறிக் காட்டும் சாயமான எரியோக்ரோம் பிளாக் டி-யின் கரைசலும் சீக்கிரம் கெடும். ஒரு பங்கு சாயத்தை 100 பங்கு சோடியம் குளோரைடோடு அரைத்த தூள் நெடுநாள் தாங்கும். கடைசித் துளிகளை நிதானமாக, குலுக்கிக் குலுக்கி விடுங்கள். ஆனால் பஃபர் ஊற்றி 5 நிமிடத்துக்குள் முடிக்கணும். தாமதித்தால் கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகிவிடும்.