கிரேக்கப் படைகள் பலி பார்த்தது நம்பிக்கையா, நாடகமா?

வைகறை:
வணக்கம். கிரேக்கப் போர்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று இடிக்கிறது. போருக்கு முன் ஆட்டை அறுத்து ஈரலைப் பார்க்கிறார்கள். குறி சரியில்லை என்றால் படை நகர்வதில்லை. சாக்ரடீஸ் வாழ்ந்த காலம் அது. படித்த தளபதிகள் இதை மனதார நம்பினார்களா, இல்லை வீரர்களைக் கட்டுக்குள் வைக்க ஆடிய நாடகமா? என் நண்பர் நாடகம்தான் என்று அடித்துச் சொல்கிறார்.

ஏட்டுச்சுவடி:
நம்பினார்கள் என்றுதான் சொல்வேன். சாக்ரடீஸோடு பழகிய ஏதென்ஸ்காரர், படைத்தலைவர்களில் ஒருவரான செனபோனையே எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 400-இல், பாரசீக உள்நாட்டிலிருந்து மீண்டு வந்த கிரேக்கக் கூலிப்படை கருங்கடல் கரையில் கால்பே என்ற இடத்தில் கிடக்கிறது. சாப்பாடு தீர்ந்துவிட்டது, வெளியே போய்த் தேடியாக வேண்டும். செனபோன் பலி கொடுக்கிறார், குறி கூடவில்லை. மறுபடி மறுபடி கொடுத்தும் இல்லை. ஆடுகள் தீர்ந்து, வண்டி மாட்டை விலைக்கு வாங்கி அறுக்கிறார்கள். அப்போதும் இல்லை.

'இங்கேயே ஊர் அமைக்க ஆசைப்பட்டு, குறி சொல்பவரைச் சரிக்கட்டிவிட்டார்' என்று படைக்குள் பேச்சு கிளம்புகிறது. உடனே அவர், யார் வேண்டுமானாலும் வரலாம், குறி பார்க்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்றே பார்க்கலாம் என்று அறிவித்துவிடுகிறார்.

நியோன் என்ற தளபதி பொறுக்காமல் சுமார் 2000 பேரோடு கிளம்பிவிட்டார். பாரசீக ஆளுநர் பார்னபாஸஸின் குதிரைப்படை அவர்களில் 500 பேருக்குக் குறையாமல் வெட்டிச் சாய்த்தது. செய்தி வந்ததும் செனபோன் செய்ததைப் பாருங்கள்: ஒரு வண்டி மாட்டை அவிழ்த்து, பலி கொடுத்த பிறகே காப்பாற்ற ஓடுகிறார். ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்! நாடகம் ஆடுபவருக்கு அந்த மாடு எதற்கு?

பாலைவழி:
மறுநாள் உணவுக் கப்பல் வந்து சேர்ந்தது, முதல் பலியிலேயே குறியும் கூடிவிட்டது. அதை விட்டுவிட்டீர்களே. தவிர, இது முழுக்க செனபோன் தன்னைப் பற்றித் தானே எழுதியது.

ஏட்டுச்சுவடி:
நியாயமான சந்தேகம்தான். ஆனால் படை பட்டினியில் முறுமுறுத்து, தன் பெயரும் கெட்டுக்கொண்டிருந்தபோது 'கூடிவிட்டது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தொல்லை தீர்ந்திருக்கும். சொல்லவில்லையே.

அவரிடம் தந்திரமே கிடையாது என்று நான் சொல்லவரவில்லை. இந்தப் படையில் சேரும் முன்பு, டெல்ஃபியில் இருக்கும் குறி சொல்லும் கோயிலுக்குப் போய்க் கேட்டு வா என்று சாக்ரடீஸ் அனுப்பினார். இவர் 'போகலாமா?' என்று கேட்கவே இல்லை. எந்தத் தெய்வங்களுக்குப் பலி கொடுத்தால் பயணம் நல்லபடி முடியும் என்று கேட்டு வந்தார்! சாக்ரடீஸ் கடிந்துகொண்டார், சரி, கேட்டாயிற்று, இனி தெய்வம் சொன்னபடி செய் என்றார். செனபோன் கேள்வியைத் தன் வசதிக்கு வளைத்தார். பதிலை வளைக்கத் துணியவில்லை. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள், வைகறை. நம்பாத ஆளுக்குப் பதிலை வளைப்பதுதான் சுலபம்.

கடல்துறை:
ஏதென்ஸ் தளபதி நிக்கியாஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கி.மு. 413 ஆகஸ்ட் 27 இரவு சந்திர கிரகணம். சிசிலித் தீவில் உள்ள சிரக்கூஸ் நகரை விட்டுக் கிளம்பத் தயாராக இருந்த ஏதென்ஸ் படையை, குறி சொல்பவர்கள் பேச்சைக் கேட்டு 27 நாள் நிறுத்தி வைக்க முடிவு செய்தார். அதற்குள் எதிரி துறைமுக வாயை அடைத்துவிட்டான். கடைசியில் 7000 பேருக்குக் குறையாமல் பிடிபட்டு, கல் வெட்டி எடுக்கும் குழிகளில் அடைபட்டார்கள்.

இங்கே நம்பிக்கையை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிக்கியாஸுடன் இருந்த தேர்ந்த குறிக்காரர் ஸ்டில்பிடீஸ் சற்று முன்புதான் இறந்திருந்தார் என்கிறார் பிற்காலத்தில் அவர் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க். தப்பி ஓடும் படைக்கு இருட்டு நல்ல சகுனம் என்று ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் ஃபிலோகோரஸ் சொன்னதையும் அவரே எடுத்துக்காட்டுகிறார். அதே கிரகணத்தை 'இப்போதே கிளம்பு' என்று வாசிக்கவும் அவர்கள் மதத்துக்குள்ளேயே இடம் இருந்தது. அதைச் சொல்ல ஆள்தான் இல்லை.

பிளாட்டோவின் 'லாக்கிஸ்' உரையாடலில், வீரம் என்றால் என்ன என்ற பேச்சின் நடுவே, சட்டப்படி தளபதிதான் குறி சொல்பவருக்கு மேல், குறி சொல்பவர் தளபதிக்கு மேல் அல்ல என்கிறார் சாக்ரடீஸ். எதிரே உட்கார்ந்து கேட்பவர்களில் ஒருவர் நிக்கியாஸ். பிளாட்டோ அதை எழுதிய காலத்தில், சிசிலியில் நடந்தது தெரியாத ஏதென்ஸ்காரர் யாரும் இருந்திருக்க முடியாது.