தலைப்பு வருகிறது, பிடிஎஃப் வரவில்லை – அவசரம்

மூதூர்ப்பெண்:
வீட்டு லேப்டாப்பில் எல்லாம் திறக்கிறது. கம்பஸ் கணினியில் கட்டுரைத் தலைப்புகள் மட்டும் வருகின்றன, அழுத்தினால் கோப்பு இல்லை என்கிறது. வெள்ளிக்கிழமை எங்கள் விரிவுரையாளர் சேரிடம் லிற்றரேச்சர் ரிவியூ (முந்தைய ஆய்வுகளின் மீளாய்வு) காட்ட வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

நிலாவெளியான்:
கட்டுரைகளைச் சேர்த்து வைக்க எந்த மென்பொருள் தங்கச்சி? சொட்டேரோவா மெண்டலியா? இரண்டு கணினியிலும் ஒரே கணக்கால்தான் உள்ளே போகிறீர்களா?

உப்புக்காற்று:
பொதுக் கணினி என்றால் வைரஸ் தடுப்பு மென்பொருள்தான் காரணம். அதை முதலில் பாருங்கள்.

மூதூர்ப்பெண்:
சொட்டேரோ அண்ணா. ஒரே கணக்குத்தான். கட்டுரைகள் நிலாவெளிக் கடலிலுள்ள புறாமலைத் தீவின் பவளப்பாறை பற்றியவை, பழைய ஸ்கேன் அறிக்கைகளும் கிடக்கின்றன.

கோட்டைவாசல்:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும், கேள்வி கேட்கவும் பழக வேண்டும். வைரஸ் தடுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொட்டேரோவின் இலவசக் கணக்கில் கோப்புகளுக்கு இணையத்தில் 300 மெகாபைட் இடம்தான். தலைப்பு, ஆசிரியர், குறிப்புகளுக்கு அந்த வரம்பு கிடையாது, அதனால் அவை மட்டும் வந்து சேர்கின்றன. ஸ்கேன் அறிக்கைகள் சில சேர்ந்தாலே இடம் நிரம்பிவிடும். குப்பையில் போட்டவையும் அதே கணக்கில்தான் நிற்கும், அதைக் காலி செய்யுங்கள்.

நிலாவெளியான்:
கோப்பின் அடையாளத்தில் சிறு சங்கிலி தெரிகிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது லேப்டாப்பில் உள்ள கோப்புக்கு வெறும் இணைப்பு, எவ்வளவு இடம் இருந்தாலும் மேலே ஏறாது.

உப்புக்காற்று:
எதற்கு இந்தச் சிக்கலெல்லாம்? ஆண்டு, ஆசிரியர், தலைப்பு என்று பெயர் வைத்து ஃபோல்டரில் போட்டு பென்டிரைவில் கொண்டு போகலாமே. நான் அப்படித்தான் படித்து முடித்தேன்.

கோட்டைவாசல்:
1998 பவள வெளிறலையும் 2016 வெளிறலையும் ஒப்பிடும் கட்டுரையை எந்த ஃபோல்டரில் போடுவீர்கள்? சொட்டேரோவில் ஒரே கட்டுரையை இரண்டு தொகுப்பிலும் வைக்கலாம், நகல் வேண்டாம்.

உப்புக்காற்று:
மின்சாரமும் நெட்டும் இல்லாத நாளில் தொகுப்பை வைத்து என்ன செய்வது? பிள்ளையின் கையில் கோப்பு இருக்க வேண்டும், அதைத்தான் சொல்கிறேன்.

நிலாவெளியான்:
லேப்டாப்பில் இறங்கிய கோப்பு நெட் இல்லாமலும் திறக்கும். அது கிடக்கட்டும். தங்கச்சி, ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் இணையத்தளத்திலும் தேடினீர்களா? உள்ளூர் ஆய்விதழ்கள் பல அங்கே இலவசமாகவே திறக்கும். நாராவின் (அரசின் நீர்வள ஆய்வு நிறுவனம்) பழைய அறிக்கைகளுக்கு நூலகத்தில் நேரே போய்க் கேளுங்கள், எல்லாம் தேடலில் அகப்படாது.

மூதூர்ப்பெண்:
சங்கிலி இல்லை. இடம்தான் நிரம்பியிருந்தது. பெரிய ஸ்கேன்களை எடுத்துவிட்டுக் குப்பையையும் காலி செய்தேன், இப்போது திறக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

உப்புக்காற்று:
எடுத்த ஸ்கேன்களுக்கு வேறு நகல் வைத்திருக்கிறீர்களா பிள்ளை?