பத்து நாள் விபஸ்ஸனா தியான கோர்ஸ் முடிச்சுட்டு வந்திருக்கேன், வீட்ல "மதம் மாறிட்டியா"ன்னு கேக்கறாங்க. நீங்கல்லாம் இதுக்குள்ள எப்படி வந்தீங்க?

பனியன்நகரம்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் திருப்பூரு, எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சன்டைசர், பதினாலு வருஷமா இதே வேலை. இந்த லைன்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், பையர் மெயில் ராத்திரி பதினொன்னுக்கு வரும், லேப் டிப் (சாயத்துக்கான கலர் சாம்பிள்) அப்ரூவ் ஆகியிருக்கும் ஆனா பல்க்ல ஷேடு மாறி வந்து நிக்கும், டையிங்ல கேட்டா அவங்க ஒரு காரணம் சொல்லுவாங்க, ஷிப்மென்ட் தேதி மட்டும் மாறவே மாறாது. ரெண்டு வருஷமா தூக்கம் சுத்தமா போச்சுங்க. படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்கும், ஈசிஜி எக்கோ எல்லாம் எடுத்துப் பாத்தாச்சு, நார்மல்னுட்டாங்க.

ஃப்ரெண்டு ஒருத்தர் சொல்லித்தான் சென்னை திருமுடிவாக்கத்துல இருக்கற தம்ம சேது சென்டருக்கு விபஸ்ஸனாங்கற பௌத்த தியானம் கத்துக்க பத்து நாள் கோர்ஸ் போனேன். போன், பேனா, புக்கு எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கறாங்க. காலைல நாலு மணிக்கு மணி அடிக்கும், யார்கிட்டயும் பேசக்கூடாது, கண்ணால ஜாடை கூட காட்டக்கூடாது. காசு எதுவும் கேக்கல, முடிச்சப்புறம் இஷ்டப்பட்டா தானம் குடுக்கலாம். சொல்லிக்குடுத்த கோயங்கா பர்மால பொறந்த ஒரு வியாபாரி, ஒத்தைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கிட்டு இருந்தவரு, அவருக்குக் கத்துக்குடுத்த ஊ பா கின் அந்த ஊர் கவர்மென்ட்ல அக்கவுண்டன்ட் ஜெனரல். சாமியாருங்க இல்ல, ஆபீஸுக்கும் கடைக்கும் போயிட்டு இருந்த மனுசங்கன்னு கேட்டப்பவே எனக்கு ஒரு நம்பிக்கை வந்துச்சு.

முதல் மூணு நாளும் மூக்குக்குக் கீழ மேலுதட்டுக்கு மேல இருக்கற அந்த இத்துனூண்டு இடத்துல மூச்சு படறத மட்டும் பாருங்கறாங்க. ரெண்டாம் நாள் மத்தியானம் வரைக்கும் எனக்கு ஒன்னுமே தெரியல. அப்புறம் திடீர்னு தெரிய ஆரம்பிச்சுது, உள்ள போற காத்து கொஞ்சம் குளுகுளுன்னு, வெளிய வர்றது லேசா சூடா, அதுலயும் எடது பக்கம் ஒரு மாதிரி வலது பக்கம் ஒரு மாதிரி. நாங்க லைட் பாக்ஸ்ல ரெண்டு துணிய பக்கத்துல பக்கத்துல வெச்சு ஷேடு பாப்போம், கண்ணு பழகாதவங்களுக்கு ரெண்டும் ஒரே கலரு, எங்களுக்கு அரை டோன் வித்தியாசம் தெரியும், அச்சு அசல் அதே மாதிரி. நான் இத்தனை வருஷம் துணியப் பாத்த கண்ணால என்னைய ஒருநாளும் பாக்கலயேன்னு அங்க உக்காந்தே அழுதுட்டனுங்க.

வந்து இருவது நாளாச்சு. காலைல ஒரு மணி நேரம் சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காரச் சொன்னாங்க, காலைல மட்டும்தான் நடக்குது. தூக்கம் கொஞ்சம் வருது. ஆனா வீட்ல அம்மா "நீ பழனிக்கு வருவியா மாட்டியா, மதம் மாறிட்டியா"ங்கறாங்க, சம்சாரம் வாய்விட்டுக் கேக்கல, ஆனா நான் எங்க கிளம்பிப் போயிருவனோன்னு பயம் இருக்குது அவளுக்கு. ஏற்கனவே இதுல இருக்கறவங்க சொல்லுங்க, நீங்க எப்படி வந்தீங்க, வீட்ல எப்படி ஏத்துக்கிட்டாங்க, வருஷக்கணக்கா விடாம எப்படி ஓட்டறீங்க?

தங்கவயல்காரன்:

வணக்கம் தோழர். எங்க வீடு இதுக்கு நேர் எதிர். நான் கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப். எங்க பாட்டனுக்கு அப்பா வடஆற்காடுல இருந்து சுரங்க வேலைக்கு வந்தவர், பாட்டன் காலத்துல இருந்தே வீட்டு நடுவுல புத்தர் படம்தான். அயோத்திதாசப் பண்டிதர் 1898ல தியோசாபிகல் சொசைட்டி கர்னல் ஆல்காட்டோட இலங்கைக்குப் போய் சுமங்கல தேரர்ங்கற பிக்குகிட்ட பஞ்சசீலம் (பௌத்தர்களோட அஞ்சு ஒழுக்க உறுதி) வாங்கிட்டு வந்து ராயப்பேட்டைல சாக்கிய பௌத்த சங்கம் ஆரம்பிச்சாரு, அந்த அலை அப்படியே எங்க தங்கவயல் மாரிக்குப்பம் வரைக்கும் வந்துச்சு. அவரு 1907ல தொடங்கின ஒரு பைசாத் தமிழன் பத்திரிகைய ஷிஃப்ட் முடிச்சு வந்த தொழிலாளிங்க ஒருத்தர் படிக்க பத்து பேர் கேப்பாங்களாம், எங்க தாத்தா சொல்லுவாரு. அம்பேத்கர் நாக்பூர்ல தீட்சை எடுத்தது 1956, அதுக்கு அம்பது அறுபது வருஷம் முன்னாடியே தமிழ் பேசற ஜனங்க பௌத்தத்துக்கு வந்தாச்சுங்கறத நம்ம ஆளுங்களுக்கே நிறைய பேருக்குத் தெரியாது, அது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.

ஆனா உண்மைய சொல்றேன், எங்களுக்கு அது மானம். யாரும் எங்கள கோயில் வாசல்ல நிறுத்த முடியாதுங்கற மானம். வைகாசி பௌர்ணமிக்கு ஊர்வலம், பாயாசம், கல்யாணத்துல திரிசரணம் (புத்தர், தம்மம், சங்கம் மூணையும் சரணடையறேன்னு சொல்றது), சாவுல திரிசரணம், அவ்வளவுதான். உக்காந்து கண்ண மூடற பழக்கம் எங்க வீட்ல யாருக்கும் இல்ல. 2001ல சுரங்கத்த மூடினாங்க. அதுக்கப்புறம் ஊர்ல பாதிப்பேர் விடியக்காலைல ரயிலேறி பெங்களூர் போய் வேலை பாத்துட்டு ராத்திரி திரும்பறோம், நானும் அதுல ஒருத்தன். அந்த ரயில்லதான் எனக்கு ஆரம்பிச்சுது. எங்க அப்பா சிலிகோசிஸ்ல, அதான் சுரங்கத் தூசியால வர்ற நுரையீரல் நோய்ல போனாரு, கடைசி ஆறு மாசம் ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டைய தூக்கி தூக்கி இழுப்பாரு, பக்கத்துல இருந்து நான் எண்ணிக்கிட்டே இருப்பேன். அவரு போனப்புறம் ரயில்ல உக்காந்தா என் மூச்ச நானே எண்ண ஆரம்பிச்சேன், நிறுத்த முடியல. பயத்துல எண்ணினது அது. ஒரு பிக்கு ஊருக்கு வந்தப்ப சொன்னேன், அவரு எண்ணறத விடு, நீளமா வந்தா நீளம்னு தெரிஞ்சுக்க, குட்டையா வந்தா குட்டைன்னு தெரிஞ்சுக்க, மாத்தாதேன்னாரு. பன்னெண்டு வருஷமாச்சு. பங்காருப்பேட்டை வரைக்கும் கண்ண மூடியிருப்பேன், அங்க கூட்டம் ஏறும்.

அம்மா விஷயத்துக்கு: தியானம் பண்றதால யாரும் மதம் மாறிடறது இல்ல, திரிசரணம் எடுத்துக்கறது தனி, அது உங்க முடிவு. உங்க பக்கத்து ஊர் சேலத்துல ஜனங்க தலைவெட்டி முனியப்பன்னு காலங்காலமா கும்பிட்டது புத்தர் சிலைதான்னு 2022ல சென்னை ஹைகோர்ட்ல தீர்ப்பே வந்துச்சு. நாகப்பட்டினத்துல மண்ணுக்குள்ள இருந்து கிடைச்ச வெண்கல புத்தருங்க எழும்பூர் மியூசியத்துல இருக்காங்க, ஒருநாள் அம்மாவ கூட்டிட்டுப் போய் காட்டுங்க, இது வெளியூர் சாமி இல்லன்னு அவங்களே சொல்லுவாங்க.

இன்னொன்னும் சொல்லிடறேன், இத படிக்கற யாருக்காவது உதவும். பட்டியல் ஜாதிக்காரங்க பௌத்தம் ஏத்துக்கிட்டா ரிசர்வேஷன் போயிடும்னு இன்னமும் சொல்லிட்டுத் திரியறாங்க. 1990லயே சட்டத்த திருத்திட்டாங்க, போகாது. எங்க சொந்தக்காரப் பையனுக்கு ஒரு ஆபீஸ்ல இது தெரியாம சர்டிபிகேட்ட ஒன்பது மாசம் இழுத்தடிச்சு காலேஜ் சீட்டே போச்சு. அந்தத் திருத்தத்தோட காப்பிய கையில வெச்சுக்கிட்டுப் போங்க.

பன்னெண்டுசக்கரம்:

வாய்ஸ் டைப்பிங்ல போடறேன் அண்ணே எழுத்து தப்பா வந்தா மன்னிச்சுக்குங்க. நாமக்கல் லாரி டிரைவர் நானு, நாக்பூர் லைன். எட்டு வருஷத்துக்கு முன்னாடி தசரா சமயம் லோடு இறக்கப் போனவன் டவுனுக்குள்ள போக முடியாம பைபாஸ்லயே மாட்டிக்கிட்டேன், ரோடு பூரா வெள்ளைத்துணி கட்டின ஜனம், லட்சக்கணக்குல, கைக்குழந்தையோட பாட்டிங்கல்லாம் நடந்தே போறாங்க. தீக்‌ஷாபூமிக்குப் போறோம்னாங்க, அம்பேத்கர் பௌத்தம் ஏத்துக்கிட்ட எடமாம். ரோட்டோரம் பந்தல் போட்டு சோறு போட்டாங்க, நான் அப்ப போதைல இருக்கேன், ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடல. சோறு போட்ட அம்மா வயசு எங்கம்மா வயசு இருக்கும், என்கிட்ட வாடை அடிச்சிருக்கும் அவங்களுக்கு, ஒரு வார்த்தை சொல்லல, இன்னொரு கரண்டி பருப்பு ஊத்திட்டு ஹிந்தில மெதுவா சாப்பிடு மகனேன்னாங்க.

அடுத்த ட்ரிப்புல லோடு ஏத்தற இடத்து ஆளு ஒருத்தர புடிச்சு கேட்டு பஞ்சசீலம் எழுதி வாங்கிக்கிட்டேன். கடைசி வரி குடிய பத்தினது, சுராமேரய மஜ்ஜ பமாதட்டானா வேரமணி சிக்காபதம் ஸமாதியாமி. அவரு அர்த்தம் சொன்னாரு, இது கடவுளு போட்ட உத்தரவு இல்லப்பா, மதி மயக்கற குடியிலிருந்து விலகற பயிற்சிய நானா ஏத்துக்கறேன்னு அர்த்தம், சிக்காபதம்னா பயிற்சின்னாரு. பயிற்சின்னா தப்பினா மறுபடி ஆரம்பிக்கலாம்ல. மலைக்கு மாலை போட்டு நிறுத்தினேன், சத்தியம் பண்ணி நிறுத்தினேன், உடைஞ்சா அவ்வளவுதான்னு மொத்தமா விழுந்துருவேன். இதுல மூணு தடவை தப்பிருக்கேன் மூணு தடவையும் மறுநா காலைல மறுபடி சொல்லியிருக்கேன். அஞ்சு வருஷமா தொடல. இப்பவும் அந்த அஞ்சு வரிய சொல்லாம வண்டிக்கு சாவி போடறது இல்ல. தியானம் எல்லாம் எனக்குத் தெரியாது அண்ணே. இது போதுமான்னும் தெரியல.

நைட்டுட்யூட்டி:

டிரைவர் அண்ணா, போதுமான்னு கேக்காதீங்க, அஞ்சு வருஷம் ஒவ்வொரு காலைலயும் சொல்றீங்கல்ல, அதுதான் பயிற்சியே.

நான் ஐசியூ நர்ஸ், பதினெட்டு வருஷ சர்வீஸ். கிறிஸ்டியன் குடும்பம், இப்பவும் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறேன், அதனால மதம் மாறணுமாங்கற கேள்விக்கு என் வாழ்க்கையே பதில். 2021 கொரோனா செகண்ட் வேவ்ல எங்க வார்டுல நடந்தத நான் இங்க எழுத மாட்டேன். ஒரே ஒரு விஷயம். பிபிஇ கிட்டுக்குள்ள வேர்த்து ஊத்திக்கிட்டு, ஒரு கையில போனைப் பிடிச்சு பேஷன்ட்டுக்கு அவங்க பொண்ணு முகத்தக் காட்டிட்டு இருப்பேன், காட்டிட்டு இருக்கும்போதே மானிட்டர் கோடு நேராயிடும், அந்தப் பொண்ணுகிட்ட நான்தான் சொல்லணும். வீட்டுக்கு வந்தா என் பையனத் தொடவே மனசு வராது. அழுகையும் வராது. உள்ளுக்குள்ள ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்கும்.

என்கூட வேலை பாக்கற ஒரு சிஸ்டர் சொன்ன கதைதான் என்னை இழுத்துச்சு. வயித்துப்போக்குல தன் மலஜலத்துலயே கிடந்த ஒரு பிக்குவ புத்தர் பாக்கறாரு. ஏன் யாரும் உன்னைப் பாத்துக்கலன்னு கேக்கறாரு, என்னால அவங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லைங்கறான். புத்தர் தண்ணி ஊத்த அவரோட சீடர் ஆனந்தர் தேச்சுக் கழுவி, ஒருத்தர் தலைப்பக்கம் ஒருத்தர் கால்பக்கம் பிடிச்சுத் தூக்கி கட்டில்ல படுக்க வெக்கறாங்க. அப்புறம் மத்த பிக்குகளக் கூப்பிட்டு, எனக்குப் பணிவிடை செய்ய நினைக்கறவன் நோயாளிக்குச் செய்யட்டும்னு சொல்றாரு. ரெண்டு பேர், தலைப்பக்கம் ஒருத்தர் கால்பக்கம் ஒருத்தர், நாங்க தினமும் பேஷன்ட்ட ஷிஃப்ட் பண்றது அப்படியேதான். அந்த இடத்துல நான் உடைஞ்சுட்டேன்.

எனக்கு வீட்ல ஒரு மணி நேரம் உக்கார எல்லாம் வழியே இல்ல. கை கழுவறதுதான் என் தியானம். ஒரு ஷிஃப்ட்ல எத்தனை தடவை கழுவுவோம்னு கணக்கே கிடையாது, அந்த இருவது செகண்டும் தண்ணி மட்டும், விரலிடுக்கு மட்டும், அடுத்த பெட்ட பத்தி நினைக்க மாட்டேன்.

பனியன்நகரம் அண்ணா, ஒன்னு மட்டும் கண்டிப்பா சொல்லணும். டிப்ரஷன், சைக்கோசிஸ் மாதிரி பிரச்சனைக்கு மாத்திரை சாப்பிடறவங்க இந்த மாதிரி பத்து நாள் மௌனத்துக்கு நேரா போயிடக்கூடாது. அப்ளிகேஷன்லயே மனநல விவரம் கேப்பாங்க, மறைக்காதீங்க, டாக்டர்கிட்ட பேசாம மாத்திரைய நிறுத்தாதீங்க. தியானம் நல்லதுதானேன்னு நினைச்சுப் போய் ரொம்ப மோசமாகி வந்த ஒருத்தர நான் பாத்திருக்கேன். உங்களுக்கு அந்த நெஞ்சு படபடப்பு திரும்ப வந்தா உக்காந்தே சமாளிக்கலாம்னு இருக்காதீங்க, போய்க் காட்டுங்க.

பனங்கூடல்:

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன். இதை எழுதுறதோ விடுறதோ எண்டு ரெண்டு நாள் யோசிச்சனான். உங்களுக்கு புத்தர் எண்டா போதிமரம். எங்களுக்கு புத்தர் எண்டா ஆமிக் காம்ப் வாசலில வைச்ச சிலை. செக்பொயின்ற்றில ஐசியை (அடையாள அட்டையை) காட்டிப்போட்டு நிக்கேக்க மண்மூட்டைக்குப் பின்னால வெள்ளையா அவர் இருப்பார். அந்தச் சிரிப்பைப் பாக்கவே எனக்கு வயிறெரியும்.

இஞ்ச வந்து கன வருசம் ஃபாக்டரி வேலை, முதுகு போட்டுது. வலிக்கு மருந்து எடுத்து எடுத்து கடைசியா ஆஸ்பத்திரியில எட்டுக் கிழமை (எட்டு வாரம்) மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு ஒண்டுக்கு அனுப்பினவை. 1979இல அமெரிக்காவில ஜோன் கபாட்-சின் நாள்பட்ட வலிக்காரருக்கு எண்டு தொடங்கின முறை. முதல் நாள் கையில ஒரேயொரு முந்திரிகை வத்தல், உங்கட ஊரில உலர்திராட்சை, அதைத் தந்து பார், மண, நாக்கில வை, கடிக்காதை எண்டினம். அம்மா புக்கைக்கு (பொங்கலுக்கு) வத்தல் அள்ளிப் போடுற கை ஞாபகம் வந்திட்டுது, அதுக்குப் பிறகு வந்த இனிப்பு, நான் அந்தளவு வடிவா ஒரு சாப்பாட்டையும் ருசிச்சதில்லை. ஆறாம் கிழமைதான் தெரியும் இது பௌத்தப் பயிற்சியில இருந்து எடுத்தது எண்டு. எழும்பி வீட்டை போட்டன். ரெண்டு கிழமை போகேல்லை. முதுகு வலி கூடித் திரும்பப் போனனான், அதை மறைக்கேல்லை.

எனக்கு வழி விட்டது எங்கட தமிழ்தான். பள்ளிக்கூடத்தில மணிமேகலை படிச்சனாங்கள், அது பௌத்தக் காப்பியம், சோதினைக்குப் பாடமாக்கினதோட சரி. திரும்ப எடுத்து வாசிச்சன். அவள் அமுதசுரபியைக் கையில வைச்சுக்கொண்டு சிறைச்சாலைக்குப் போய்ச் சோறு குடுத்து, கடைசியா அந்தச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டம் ஆக்கிறாள். சோழநாட்டுப் பிக்கு புத்ததத்தர் பௌத்த நூல்களின்ர மொழியான பாளியில எழுதினதை சிங்களப் பிக்குமார் இண்டைக்கும் படிக்கினம். அப்ப இது காம்ப் வாசலில நிண்டவன்ர மட்டும் சொத்து இல்லை, எங்கட முப்பாட்டன்ர சொத்தும்தான். விகாரைக்கு நான் இண்டைக்கும் போகமாட்டன், கும்பிடவும் மாட்டன், என்ர வீட்டில சிலை இல்லை. விடிய எழும்பி நிலத்தில இருக்கிறன், அரை மணித்தியாலம். மெத்தா, அதுதான் எல்லா உயிரும் நல்லா இருக்க வேணும் எண்டு நினைக்கிறது, அதைச் செய்யேக்க அந்த செக்பொயின்ற் பெடியன் வருவான். இருவது வயசுதான் இருக்கும், அவனுக்கும் பயம் எண்டு இப்ப விளங்குது. சில நாள் அவனுக்குச் சொல்ல முடியுது. சில நாள் முடியேல்லை, முடியாத நாளில சொல்லாமல் எழும்பிடுவன்.

பனியன்நகரம்:

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றிங்க. பனங்கூடல் ஐயா எழுதினத சம்சாரத்துக்குப் படிச்சுக் காட்டினேன், பாதிலயே எந்திரிச்சுப் போயிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, முந்திரிகை வத்தல்னா என்னன்னு திரும்பப் படிங்கன்னா. அப்புறம் நான் கேக்காமலே சொன்னா, நீங்க உக்காரும்போது குழந்தைய நான் பாத்துக்கறேன், ஆனா கதவ சாத்தாதீங்க. இப்ப கதவு தொறந்தேதான் இருக்குது. அம்மாகிட்ட பழனிக்கு வர்றேன்னு சொல்லிட்டேன். சிஸ்டர் சொன்னதுக்காக நாளைக்கு டாக்டர் அப்பாயின்மென்டும் போட்டாச்சுங்க.

தங்கவயல்காரர் அண்ணா, வைகாசி பௌர்ணமிக்கு வெளியாளுங்க உங்க ஊருக்கு வரலாமுங்களா?

தங்கவயல்காரன்:

கண்டிப்பா வாங்க, குடும்பத்தோட. திருப்பூர்ல இருந்து பெங்களூர் போற வண்டில பங்காருப்பேட்டைல நிக்கறதா பாத்து ஏறுங்க, அங்க இறங்கினா மாரிக்குப்பத்துக்கு வண்டி மாறலாம், சின்ன பிராஞ்ச் லைன்தான். முந்தின நாள் ராத்திரியே வந்துட்டா நல்லது, காலைல பாயாசத்துக்கு முந்திரி உடைக்க ஆள் வேணும். டிரைவர் தம்பி, நீங்களும் அந்தப் பக்கம் லோடு இருந்தா பாருங்க, அன்னைக்கு பஞ்சசீலம் எல்லாரும் சேந்து சத்தமா சொல்லுவோம்.