நீர்த்ததும் வேகம் சரிகிறது: டைகாப்பர் அணைவில் என்ன கோளாறு?

கேள்வி

கேட்டகாலை ஆக்சிஜனால் குயினோனாக மாற்றும் கேட்டகால் ஆக்சிடேஸ் நொதிக்கு மாதிரியாக, இரண்டு காப்பர் அயனிகள் கொண்ட ஒரு டைகாப்பர்(II) அணைவு செய்திருக்கிறேன். காப்பர்களைப் பிடிக்கும் மூலக்கூறான ஈனி, 2,6-டைஃபார்மைல்-4-மெத்தில்ஃபீனாலையும் டைமெத்தில்எத்திலீன்டையமீனையும் சேர்த்துச் செய்த ஷிஃப் காரம் (C=N பிணைப்பான இமீன் கொண்டது). படிக அமைப்பு அருமையாக வந்தது: ஃபீனாக்சோ, ஹைட்ராக்சோ என இரண்டு பாலங்கள், காப்பர்களுக்கு இடையே சுமார் 3 ஆங்ஸ்ட்ராம்.

வேகம்தான் இடிக்கிறது. மெத்தனாலில் 3,5-டை-டெர்ட்-பியூட்டைல்கேட்டகால் சேர்த்து, 400 நானோமீட்டரில் குயினோன் ஏறுவதைப் பார்க்கிறேன். அணைவை 0.1 மில்லிமோலாரிலிருந்து 0.01-க்கு நீர்த்தால் வேகம் பத்தில் ஒன்றாக வேண்டும், இருபத்தைந்தில் ஒன்றாகிறது. மூன்று முறை செய்தும் அதேதான். உறைந்த கரைசலின் இபிஆரில் (இணைசேராத எலக்ட்ரான்களைக் காட்டும் அளவீடு) நான்கு கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன. எங்கே தவறுகிறேன்?

பதில் 1

முதலில் அணைவு சேர்க்காத பிளாங்க் எடுத்துப் பாருங்கள். கேட்டகால் காரத்தில் காற்றாலேயே ஆக்சிஜனேற்றம் அடையும். டிரைஎத்தில்அமீன் போன்ற காரம் மிச்சமிருந்தால் போதும்.

பதில் 2

பிளாங்க் அவசியம்தான், ஆனால் இதற்குக் காரணம் அதுவல்ல. பிளாங்க் ஏறினால் நீர்த்த கரைசலின் வேகம் கூடுதலாகத் தெரியும். தம்பிக்கு நேர்மாறாக இருக்கிறது. அணைவு கரைசலில் தனித்தனிக் காப்பர்களாகப் பிரிகிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால் தனிக்காப்பரைக் காட்டும் அந்த நான்கு கோடுகளை வைத்து மட்டும் முடிவு கட்டிவிடாதே. பாலத்தால் வலுவாக எதிர்ஃபெர்ரோகாந்தமாகப் பிணைந்த (இரண்டு காப்பர்களின் எலக்ட்ரான் சுழற்சிகளும் ஒன்றையொன்று ரத்து செய்யும்) ஜோடி இபிஆரில் ஊமை. நொதியின் ஆக்சிஜனேற்ற நிலையும் அப்படித்தான். அதனால் 2 சதவீதத் தனிக்காப்பர் அசுத்தம் இருந்தாலும் அதன் குரல் மட்டுமே கேட்கும். சிக்னலை இருமுறை தொகையிட்டு, செறிவு தெரிந்த காப்பர்(II) கரைசலோடு ஒப்பிட்டு, மொத்தக் காப்பரில் எவ்வளவு தனியாக நிற்கிறது என்று எண்ணு. இரண்டு செறிவுகளில் செய். அசுத்தம் என்றால் சதவீதம் மாறாது. பிரிகை என்றால் நீர்க்க நீர்க்க ஏறும்.

அப்புறம், உன் அணைவு பெர்குளோரேட் உப்பாக இருந்தால் அதை உலர்த்தச் சூடாக்காதே, உலோகக் கரண்டியால் சுரண்டாதே. வெடிக்கும்.

கேட்டவர்

எண்ணிவிட்டேன் அண்ணா. 1 மில்லிமோலாரில் 13 சதவீதம், 0.1-ல் 36 சதவீதம். பிளாங்க் தட்டையாகவே இருக்கிறது.

பதில் 2

சரி, பிரிகைதான். இந்த எண்களை ஒரு சமநிலையில் போட்டால் 0.01-ல் முக்கால் பங்கு அணைவு பிரிந்திருக்கும். பிரியாத ஜோடி மட்டுமே வேலை செய்கிறது என்றால், உன் இருபத்தைந்தும் கிட்டத்தட்ட அங்கேயே வந்து நிற்கிறது. ஆக, நீ அளந்த வேகம் பிழையில்லை, வகுத்த செறிவுதான் பிழை. படிகத்தில் பார்த்த ஜோடி, அளவிடும் கலமான குவெட்டில் முழுதாக இல்லை.

உன் ஈனியில் ஒவ்வொரு காப்பரையும் பிடிப்பவை ஒரு இமீன், ஒரு அமீன், பொதுவான ஃபீனாக்சோ, அவ்வளவுதான். நொதியில் ஒவ்வொன்றுக்கும் மூன்று ஹிஸ்டிடின்கள் (நைட்ரஜனால் பிடிக்கும் அமினோ அமிலம்). சர்க்கரைவள்ளிக் கிழங்கு நொதியின் படிக அமைப்பு 1998-இல் வந்தபோது அதைக் கண்ணால் பார்த்தோம். ஃபீனாலின் இருபுறமும் பிஸ்(2-பிரிடைல்மெத்தில்)அமீன் கைகளை வைத்த ஈனிக்கு மாறிப் பார். ஒவ்வொரு காப்பருக்கும் மூன்று நைட்ரஜன் கிடைக்கும், இமீன் நீராற்பகுக்கும் தொல்லையும் போகும். கேட்டகால் உட்கார ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். அசிட்டேட் பாலம் போட்டு அதை அடைத்துவிடாதே.

புது அணைவில் முதல் வேலை நைட்ரஜன் சூழலில் ஓட்டம். ஆக்சிஜன் இல்லாமல் காப்பர் மீள முடியாது, அதனால் ஓர் அணைவுக்கு ஒரு குயினோன் வந்ததும் பச்சை வெளுத்து நிற்க வேண்டும். அதற்கு மேலும் 400 ஏறினால் மூடியில் காற்று கசிகிறது.