மியூசியத்தில் கோடைக்கால இன்டர்ன்ஷிப்: என் பத்து வாரம்

அமெரிக்காவில் கலை வரலாறு எம்.ஏ. முதல் வருடம் முடித்த கோடையில், ஒரு பல்கலைக்கழகக் கலை மியூசியத்தில் பத்து வாரம் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. எஃப்-1 மாணவர் விசாக்காரர்கள் கவனிக்க: சி.பி.டி. என்கிற, படிப்பின் பகுதியாக வேலை பார்ப்பதற்கான அனுமதி கைக்கு வராமல் வேலையில் சேராதீர்கள். எனக்கு அதற்காகக் காத்திருந்தே முதல் வாரம் போய்விட்டது. சம்பளம் உண்டா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். கலை அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கம் 2019-இல் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுங்கள் என்று தீர்மானமே போட்டது. இன்னமும் 'அனுபவம்தான் சம்பளம்' என்கிற இடங்கள் இருக்கின்றன.

ஓவியங்களுக்கு நடுவே உலாவலாம் என்ற கனவோடு போனேன். கிடைத்தது அடித்தளத்தில் ஒரு மேஜை, நாற்பது கோப்புகள், ஒரு பெட்டி பென்சில். பேனாவுக்கு அங்கே அனுமதி கிடையாது. ஆசியப் பிரிவுப் பொருள்கள் யார் யார் கைமாறி வந்தன என்று கோப்பைப் பார்த்து எழுத வேண்டும். இதைப் 'ப்ராவனன்ஸ்' என்பார்கள். நம்ம ஊரில் வீடு வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்ப்போமே, கிட்டத்தட்ட அதுதான். கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த 1970-க்கு முன்பே சொந்த நாட்டைவிட்டு வெளியேறிய பொருள் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தால்கூட எல்லோருக்கும் மூச்சு வரும்.

ஒன்பதாவது கோப்பில் ஓர் அம்பாள். செப்புத் திருமேனி, இரண்டடி உயரம். தாள்களைப் புரட்டினால் 1960-களின் வியாபாரி ரசீது ஒன்று, அதில் 'பெண் தெய்வம், தென்னிந்தியா' என்று ஒரே வரி. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நேரில் பார்க்கக் கேட்டேன். கிடங்கில் சாம்பல் நிற நுரைப்பஞ்சில் படுத்திருந்தாள். மியூசியப் பொருள்களின் கணக்கைப் பார்க்கும் பதிவாளர் நீலக் கையுறை போட்டு மெதுவாக நிமிர்த்தினார். எனக்குக் கால் தானாகவே செருப்பைக் கழற்றப் போனது. கிடங்கில் மூடிய ஷூ கட்டாயம் என்பதால் சட்டென்று இழுத்துக்கொண்டேன். மூக்கும் கன்னமும் அபிஷேகத்தில் தேய்ந்து வழவழவென்று இருந்தன. பீடத்தில் நான்கு துளைகள். புறப்பாட்டுக்குக் கம்பு கோத்துக் கட்டும் துளைகள்தான். எங்கள் ஊர்த் திருவிழாவில் சின்ன வயதிலிருந்து பார்த்தவை. பதிவாளரிடம் தோளில் தண்டு சுமப்பதுபோல நடித்தே காட்டினேன்.

அன்று மாலை அந்தப் பரவசத்தில் கணினியில் அலமாரி எண் 12-ஐ 21 என்று தட்டிவிட்டேன். இரண்டு நாள் அம்பாளைக் காணோம். வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பற்றிப் பேச வேண்டாம்.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். அம்பாள் கோப்பில் 1960-களுக்கு முன்னால் காலி என்றீர்களே, கோயில் சிலைகளின் பழைய படங்கள் இருக்கும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படத்தொகுப்பில் தேடினீர்களா? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் மியூசியத்தில் இருந்த திருமங்கையாழ்வார் சிலை விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது. 1967-இல் சதபீஸ் ஏலத்தில் வாங்கிய சிலை. ரசீதில் எந்தக் குறையும் இல்லை. 2019-இல் ஓர் ஆய்வாளர் அந்தத் தொகுப்பிலிருந்து 1957-இல் எடுத்த படத்தைக் காட்டினார். அதே ஆழ்வார், கும்பகோணம் பக்கத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் நிற்கிறார். மியூசியமே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொன்னது. 2020 மார்ச்சில் இந்தியா முறைப்படி கேட்டது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழகம் திருப்பித் தரச் சம்மதித்தது. வழிப்பறி செய்து ஆழ்வாரானவர் சிலைக்கே இந்தக் கதி!

*

தேடினேன் தம்பி. கடைசி இரண்டு வாரம் அதே வேலைதான். படங்களில் அம்பாளுக்குப் புடவையும் மாலையும் சார்த்தியிருந்தால் முகம் மட்டும்தான் தெரியும். அந்த முகத்தையும் கறுப்பு வெள்ளையில் எத்தனை நேரம் உற்றுப் பார்ப்பது? 'இவள்தானோ' என்று மூன்று படங்களை எடுத்து வைத்தேன். ஒன்றில் கை விரல் மடங்கியிருந்த விதம் வேறு, மற்ற இரண்டிலும் பீடம் வேறு. மேற்பார்வையாளர் சொல்லிக் கோப்பில் இப்படி எழுதினேன்: 'பீடத்தில் புறப்பாட்டுத் துளைகள் 4. வழிபாட்டில் இருந்த திருமேனி. எந்தக் கோயில் என்று தெரியவில்லை.' அதன் கீழே நான் பார்த்து முடித்த படங்களின் எண்களையும் போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த கோடையில் வருகிற பிள்ளை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாமே என்று.