ஃபிடில் லீஃப் ஃபிக்: அடி இலைகள் கருகி உதிர்கின்றன

வீட்டுக்குள் வளரும் செடி, ஆளுயரம் இருக்கும். இரண்டு மாதமாக அடி இலைகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. முதலில் நடுநரம்பை ஒட்டி மிளகளவு கரும்புள்ளி. அது பரவ, சுற்றிலும் மஞ்சள் வளையம். இலை மொறுமொறுப்பாகக் காயவில்லை, துவள்கிறது. நுனித்தளிர் மட்டும் பளபளவென்று நன்றாகவே இருக்கிறது, அதுதான் குழப்பம்.

கிழக்கு ஜன்னல் ஓரம், ஏசி காற்று படாது. துளையுள்ள தொட்டி. மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். செதில்பூச்சி, சிலந்திப்பேன் எதுவும் கண்ணில் படவில்லை. வேப்பெண்ணெய் தெளித்தேன், உரத்தை நிறுத்தினேன், பலனில்லை. அப்புறம் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் வெளிவேர்கள் கெட்டியாக இருக்கின்றன. நடுவே நர்சரியில் வைத்த தென்னைநார்க் கட்டி மட்டும், பிழிந்தால் நீர் சொட்டுகிறது.

இந்தச் செடி சேர்ந்த ஃபைகஸ் (அத்தி) வகைக்கு இடம் மாற்றினாலே கோபம் வரும். அந்தக் கட்டியை இப்போதே பிரித்து மறுநடவு செய்யலாமா, தளிர் முற்றும்வரை பொறுக்கலாமா?