ஒப்பந்தத்தில் 120 சதுர மீட்டர், டேப்பில் 102தான்: மீதி எங்கே?

டர்பன்_கணக்கர்:
வணக்கம். டர்பன் பக்கத்து உம்லாங்காவில் என் கணக்கு அலுவலகத்துக்கு ஓர் இடம் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் 120 சதுர மீட்டர், மீட்டருக்கு மாதம் 110 ராண்ட், வாட் தனி. நானும் தங்கையும் டேப் பிடித்து அளந்தோம். தூண்களைக் கழித்தால் 102தான் வருகிறது. ஏஜெண்டைக் கேட்டால் "வாடகைப் பரப்பு அப்படித்தான்" என்கிறார். 18 மீட்டர் என்றால் மாதம் 1,980 ராண்ட்! இது வழக்கமா, ஏமாற்றா?

சாட்ஸ்வொர்த்_தம்பி:
பகல் கொள்ளை அண்ணே. 102க்கு மேல் ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீங்க.

மாரிட்ஸ்பர்க்_அக்கா:
அவசரப்படாதே தம்பி. கட்டட நிர்வாகத்தில் இருக்கிறேன், இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

இங்கே அலுவலகங்களைப் பெரும்பாலும் சாப்போவா முறையில் அளப்பார்கள். சாப்போவா என்பது தென்னாப்பிரிக்கச் சொத்து உரிமையாளர் சங்கம். அதில் முதலில் பயன்பாட்டுப் பரப்பு, அதாவது உங்கள் கதவுக்குள் இருப்பது. தூண்களைக் கழிக்க மாட்டார்கள். பக்கத்து வாடகைதாரரோடு பொதுவான சுவரின் நடுக்கோடு வரை உங்கள் கணக்கு. இப்படிப் பார்த்தால் உங்கள் 102 சுமார் 104 ஆகும்.

அதன்மேல் பொதுப் பரப்பில் உங்கள் பங்கு சேரும்: லிஃப்ட் முன்கூடம், நடைவழி, கழிப்பறை, தேநீர் அறை. லிஃப்ட் குழியும் படிக்கட்டும் சேராது. ஒரு மாடியில் பயன்பாட்டுப் பரப்பு 500, பொதுப் பரப்பு 75 என்று வையுங்கள். 575ஐ 500ஆல் வகுத்தால் 1.15. உங்கள் 104ஐ அதால் பெருக்கினால் 119.6. ஒப்பந்தத்தின் 120 அங்கிருந்துதான் வந்திருக்கும். ஆனாலும் அந்த விகிதத்தை ஏஜெண்டிடம் எழுத்தில் கேளுங்கள், கட்டடக் கலைஞரின் பரப்புச் சான்றிதழோடு. தர மறுத்தால் அப்போது சந்தேகப்படலாம். முனிசிபல் வரி, காவல், சுத்தம் எல்லாவற்றிலும் உங்கள் பங்கை இதே பரப்பை வைத்துத்தான் பிரிப்பார்கள் என்பதால், தவறு இருந்தால் பல பில்களில் கடிக்கும்.

டர்பன்_கணக்கர்:
நன்றி அக்கா. எதிர்க் கட்டடத்தில் 125 ராண்ட் சொல்கிறார்கள், விகிதம் 1.05 மட்டும். அதுதான் லாபமோ?

மாரிட்ஸ்பர்க்_அக்கா:
இல்லையே. உள்ளே பயன்படும் ஒரு மீட்டருக்கு எவ்வளவு என்று பாருங்கள். 110ஐ 1.15ஆல் பெருக்கினால் 126.50. 125ஐ 1.05ஆல் பெருக்கினால் 131.25. முதல் இடம்தான் மலிவு. வருடாந்தர உயர்வு எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள், அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

டர்பன்_கணக்கர்:
ஏஜெண்ட் விகிதத்தை அனுப்பிவிட்டார், 1.15தான். ஆனால் அடித்தளக் கிடங்கு 12 மீட்டருக்கும் 110 ராண்டே கேட்கிறார்.

மாரிட்ஸ்பர்க்_அக்கா:
கிடங்கும் கார் நிறுத்தமும் துணைப் பரப்பு, ஒப்பந்தத்தில் தனி வரியாக இருக்கணும். ஜன்னல் இல்லாத இடத்துக்கு அலுவலக விலையா? பாதியிலிருந்து பேரத்தை ஆரம்பியுங்கள்.